நான்காம் நோயாளி ஒரு நீர்க்கட்டி

1

போன நவம்பரோடு நான் இந்த ஊருக்கு வந்து பதினொரு வருஷம் முடிந்தது. இங்கிலாந்தின் வடக்கே, ஆலைகளை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வரும் ஒரு சின்ன நகரம். இங்குள்ள ஆஸ்பத்திரியில் முதியோர் வார்டு நர்ஸ் நான். வந்து இறங்கிய தேதியை வருஷாவருஷம் வீட்டில் கொண்டாடுவோம். பஸ் டிப்போவில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர் கோழி வாங்கி வருவார். நான் குழம்பு வைப்பேன். எங்கள் மகள் வனிதா, ஒன்பது வயது, காரம் என்று சொல்லி ஒவ்வொரு துண்டையும் டம்ளர் தண்ணீரில் அலசித் தின்பாள். கோழிக் குழம்பை அலசித் தின்கிற பிள்ளையைப் பெற்றதற்கு நான் யாரிடம் போய் முறையிடுவது?

இந்தத் தடவை குழம்பு வைக்கவில்லை. அன்று மதியம் வார்டு டாக்டர் ஒரு ஜெராக்ஸ் கட்டை என்னிடம் நீட்டினார். வியாழக்கிழமைதோறும் எங்களுக்குப் பாடம் எடுப்பவர் அவர். வயதானவர்களுக்கு மூளை தேய்ந்து ஞாபகம் போகும் நோயைப் பற்றி உலகத்தில் எங்கே யார் எதை எழுதினாலும் தேடிப் பிடித்து வருவார். "இது உங்கள் ஊர்ப் பக்கம் போல இருக்கிறது, உங்களுக்குப் பிடிக்கும்" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார்.

கம்பளி அடுக்கி வைக்கும் அறையில் நின்றுகொண்டே படித்தேன். செங்கல்பட்டு மாவட்டத்துக் கிராமங்களில் வயதானவர்களைப் பரிசோதித்து எழுதிய கட்டுரை. நம் மாவட்டத்துப் பேரை ஆங்கிலத்தில் அச்சில் பார்த்ததும் முதலில் ஒரு அசட்டுப் பெருமைகூட வந்தது. பதினொரு நோயாளிகளைப் பற்றி ஆளுக்கு ஒரு பத்தி. பேர் கிடையாது, எண் மட்டும்தான். நான்காவது நோயாளி ஆண், வயது அறுபத்தைந்து இருக்கலாம், எழுதப் படிக்கத் தெரியாதவர், பரம்பரையாக ஏரி மதகைத் திறந்து மூடும் வேலை. மனைவி உடன் இருக்கிறார். மகன் அரிசி ஆலையில் வேலை. மகள் வெளிநாட்டில் நர்ஸ்.

மகள் வெளிநாட்டில் நர்ஸ். நான் அந்த வரியை விரலால் தொட்டுப் பார்த்தேன். பிறகு கீழே உட்கார்ந்துவிட்டேன். சிஸ்டர் வந்து, மயக்கமா, கர்ப்பமா என்று கேட்டாள்.

2

என் நைனா பேர் முனுசாமி. உத்திரமேரூரிலிருந்து மூன்று மைல் தள்ளி இருக்கும் எங்கள் ஊரில் நீர்க்கட்டி. நீர்க்கட்டி என்றால் ஏரித் தண்ணீரை வயலுக்கு வயல் விட்டுக் கொடுப்பவர். அவருக்கென்று ஒரு காணி நிலம்கூட இருக்காது. காலனியிலிருந்து போய் ஊர்த்தெருக்காரர்களின் நிலத்துக்கெல்லாம் தண்ணீர் காட்டுவார். ஏரி நிறைந்திருக்கும்வரை யாருக்கும் யாரோடும் வம்பு இல்லை. தை மாசியில், நெற்கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் தண்ணீர் அடிமட்டத்துக்கு வந்துவிட்டால்தான் கஷ்டம். அப்போது முறை வைப்பார்கள். இந்தப் பங்கு வயல்களுக்கு முதலில், அந்தப் பங்குக்கு அடுத்தது என்று வரிசை. அந்த வரிசையை எந்தக் காகிதத்திலும் எழுதி வைப்பதில்லை. நீர்க்கட்டியின் தலைக்குள் இருக்கும், ஊர் அதை நம்பும். ஏரியைப் பார்த்துக்கொள்ள வாரியம் வைத்திருந்தார்கள் என்று உத்திரமேரூர்க் கல்வெட்டைக் காட்டி எங்கள் பள்ளிக்கூடத்து சார் பெருமை அடிப்பார். மதகைத் திறந்தவன் பேர் கல்லில் இருக்கிறதா சார் என்று ஒரு தடவை கேட்டு, பெஞ்சு மேல் நின்றேன்.

எழுபத்தொன்பது மாசியில் அது நடந்தது. ஏரியில் இன்னும் ஒரு பாய்ச்சலுக்குத்தான் தண்ணீர். கோயில் மானிய நிலத்துக்கு விட்ட பிறகு கிணத்தடிப் பங்குக்கு விட வேண்டும், அதற்கப்புறம்தான் பனங்காட்டுப் பங்கு. நைனா பனங்காட்டுக்குத் திறந்துவிட்டார். பட்டப்பகலில், எல்லாரும் பார்க்க, மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நிதானமாக மடையை வெட்டிவிட்டார். கிணத்தடிக்காரர்கள் ஓடி வருவதற்குள் ஏரியில் சேறுதான் மிச்சம். அந்த வருஷம் கிணத்தடியில் அறுத்ததெல்லாம் பதர்.

ஏரிக்கரையில் ஊர் கூடியது. ஏரிப் பஞ்சாயத்துத் தலைவர் கன்னியப்பர், அவர் நிலமும் கிணத்தடியில்தான், நைனாவை நடுவில் நிற்க வைத்துக் கேட்டார். என் அண்ணன் ஏழுமலை பக்கத்தில் நின்றிருந்தான். அவன் எழுதிய கடிதத்தை வைத்துத்தான் இதைச் சொல்கிறேன்.

"இன்னா முனுசாமி, கோயில் மானியத்துக்கு அப்பறம் யாருக்கு வுடணும்? நீயே சொல்லு."

"பனங்காடு, அப்பறம் கிணத்தடி, அப்பறம் மேட்டுக்காலு. இது கூடவா ஐயாவுக்கு மறந்து போச்சி?" என்று நைனா சிரித்துக்கொண்டே சொன்னாராம். ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லையாம்.

அவர் சொன்னது பழைய முறை. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அப்படித்தான் இருந்தது. பிறகு இரண்டு பங்குக்காரர்களுக்கும் சண்டை வந்து, மண்டை உடைந்து, கிணத்தடிக்கு முதல் முறை என்று மாற்றினார்கள். அதற்கப்புறம் பதினைந்து இருபது வருஷம் புது முறைப்படி தண்ணீர் விட்டவரும் இதே நைனாதான். பழைய சண்டையைக் கிளப்பப் பனங்காட்டுக்காரர்கள் நீர்க்கட்டியைக் கையில் போட்டுக்கொண்டார்கள் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது.

"பாத்துக்கினீங்களா, வாய் கூசாம சொல்றான். துட்டு வாங்கிக்கினு வேலைய காட்டிட்டு, நமக்கே முறை சொல்லிக் குடுக்கிறான்" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாராம் கன்னியப்பர்.

மண்வெட்டியைப் பிடுங்கினார்கள். மதகு வேலை போனது. காலனிப் பிள்ளைகள்கூட அவரைத் தண்ணித் திருடன் என்று கூப்பிட்டார்களாம்.

இப்போது அந்தக் கட்டுரையில் நான்காம் நோயாளி பத்தியின் மீதியைச் சொல்கிறேன், கேளுங்கள். நோயாளி தண்ணீர் விடும் வரிசையைத் தடையில்லாமல் ஒப்பிக்கிறார். ஆனால் அது பல வருஷங்களுக்கு முன்பே கைவிடப்பட்ட வரிசை என்று மனைவி தெரிவிக்கிறார். இன்று என்ன கிழமை, நேற்று எந்த வயலுக்குத் தண்ணீர் விட்டார் என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. தம்மிடம் குறை இருப்பதை அறியாதவர். மதகு இன்னமும் அவர் பொறுப்பில்தான் இருக்கிறது. ஊருக்கு இது தெரியாது.

இதை அவர்கள் ஊரில் வந்து பார்த்தது எழுபத்தெட்டில் என்று கட்டுரையிலேயே போட்டிருக்கிறது. கரையில் நிற்க வைத்ததற்கு முந்தின வருஷம்! தெரிந்திருக்கிறது. மதகு இவர் கையில் இருக்கிறது என்று தெரிந்து, அதையும் ஒரு வரியாக எழுதிக்கொண்டு, ஜீப்பில் ஏறிப் போயிருக்கிறார்கள். ஒரே ஒரு ஆளிடம், அந்த வயதானவருக்கு உடம்பு சரியில்லை, மதகை வேறு யாராவது பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போக எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

3

அவர்களைத் திட்டுவதற்கு முன் என்னைத் திட்டிக்கொள்கிறேன்.

எங்கள் வார்டில் ஆர்தர் என்று ஒருவர் இருக்கிறார். நெசவாலையில் மேஸ்திரியாக இருந்தவர். ஆலையை மூடிப் பல வருஷம் ஆகிறது. தினமும் காலையில் எழுந்ததும், சங்கு ஊதிவிட்டது, என் பூட்ஸ் எங்கே என்று கட்டிலை விட்டு இறங்குவார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, இன்றைக்கு விடுமுறை ஆர்தர், டீ குடித்துவிட்டுப் போகலாம் என்பேன். ஒரு நாளைக்கு எட்டுத் தடவை சொல்வேன். ஒரு தடவையும் எனக்குக் கோபம் வந்ததில்லை. பழைய வருஷத்திலேயே நின்றுபோனவர்களிடம் எப்படிப் பேச வேண்டும் என்று புதிதாக வரும் நர்ஸ்களுக்குச் சொல்லிக் கொடுப்பவளே நான்தான்.

அப்படிப்பட்டவளுக்கு, நைனா பழைய முறைப்படி தண்ணீர் விட்டுவிட்டார், கேட்டால் பழைய முறையையே ஒப்பிக்கிறார் என்று அண்ணன் எழுதியபோது என்ன தோன்றியிருக்க வேண்டும்? தோன்றவில்லை. ஆர்தருக்கு வருவது நோய், என் அப்பனுக்கு வந்தது திமிர் என்றுதான் நினைத்தேன். நீல ஏரோகிராமில் பதில் எழுதினேன். அதில் எழுதியதை இங்கே மறைக்கப் போவதில்லை. தண்ணீர் திருடியவருக்கு மகள் என்று சொல்லிக்கொள்ள வெட்கமாக இருக்கிறது, இனி எனக்கு எழுதும் கடிதங்களில் அவர் பேச்சே வேண்டாம் என்று எழுதினேன். இதை நைனாவுக்குப் படித்துக் காட்டவும் என்று கடைசியில் ஒரு வரியும் சேர்த்தேன். அதற்குப் பிறகு அம்மாவுக்குப் புடவை அனுப்பினேன், அண்ணனுக்குச் சட்டைத்துணி அனுப்பினேன். அவரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஒரு தடவை மட்டும் அண்ணன் எழுதினான். நைனா இப்போது வீட்டுக்கு வழி தெரியாமல் திரிகிறார், ஊர் வயிற்றில் அடித்த பாவம் தலைக்கு ஏறிவிட்டது என்று எல்லாரும் பேசுகிறார்கள் என்று. நானும் அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். படித்தவள், பட்டம் வாங்கியவள், வெள்ளைக்காரக் கிழவர்களுக்கு மூத்திரத்துணி மாற்றுகிறவள், அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்! நினைத்தால் செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

ஆர்தரின் மனைவி வாரம் இரண்டு தடவை வருவாள். அவருக்கு நோய் என்று கண்டுபிடித்த அன்றே அவள் கையில் ஒரு சின்னப் புத்தகம் கொடுத்தார்கள். சாவிகளை வாங்கி வையுங்கள், அடுப்பைத் தனியாகப் பற்றவைக்க விடாதீர்கள், அக்கம்பக்கத்தில் சொல்லி வையுங்கள், அவரோடு வாதாடாதீர்கள், நீங்களும் தூங்குங்கள் என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும். இங்கேயும் எல்லாம் தங்கம் இல்லை. எழுந்து ஓடுகிறவர்களை நாங்களும் நாற்காலியில் உட்கார்த்தி, முன்னால் ஒரு பலகையைப் பூட்டிவிடுவோம், அதற்குப் பேர் சாப்பாட்டு மேசை. மருந்து இங்கேயும் கிடையாது. ஆனால் அந்தப் புத்தகம் இருக்கிறது. அதில் இருப்பது எங்கெங்கோ பல ஊர்க் கிழவர்களைக் கேட்டு, பார்த்து, எழுதிச் சேர்த்த அறிவு. என் நைனாவும் அதில் ஒரு பத்தி. அவரிடமிருந்து எடுத்தது விமானம் ஏறி ஆர்தரின் மனைவிவரை வந்துவிட்டது. உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து மூன்று மைல் போய் என் அம்மாவிடம் சேரவில்லை.

4

கட்டுரையின் அடியில் இருந்த ஆராய்ச்சி நிலைய விலாசத்துக்கு எழுதினேன். நான்காம் நோயாளி என் தகப்பனார், அவருக்கு இந்த நோய் இருந்தது என்று உங்கள் கையெழுத்தோடு ஒரு காகிதம் கொடுங்கள், எங்கள் ஊரில் காட்ட வேண்டும் என்று கேட்டேன். இது இல்லாமல் போனால் எவன் நம்புவான்? அப்பனைக் காப்பாற்ற மகள் கதை கட்டுகிறாள் என்பார்கள்.

நாலாவது வாரம் தடித்த காகிதத்தில் பதில் வந்தது. என் அக்கறைக்கு நன்றியாம். பரிசோதிக்கப்பட்டவர்கள் யார் என்று உறுதி செய்யவோ மறுக்கவோ முடியாதாம். கிராமத்து மக்கள் நம்பிச் சொன்னதைக் காப்பாற்றுவது தங்கள் கடமையாம். கட்டுரையின் பிரதி வேண்டுமானால் இத்துடன் உள்ள பாரத்தை மூன்று நகலாக நிரப்பி அனுப்பவும்.

விடாமல் போன் செய்தேன். ஒரு பெண் எடுத்தாள்.

"நீங்கள் நோயாளியின் டாக்டரா?"

"இல்லை, மகள்."

"மகளுக்கு எங்களிடம் பாரம் இல்லையே. நோயாளியே கையெழுத்துப் போட்டு ஒரு அனுமதிக் கடிதம் அனுப்பட்டும்."

"அம்மா, அவருக்கு ஞாபகம் போய்விட்டது என்று எழுதியிருப்பதே நீங்கள்தான்."

"அப்படியானால் அவருடைய டாக்டர் அனுப்பட்டும்."

எங்கள் காலனியில் ஏது டாக்டர்! நான் போனை வைத்துவிட்டேன். இன்னும் இரண்டு நிமிஷம் பேசியிருந்தால் ஊர்ப் பாஷையில் நாலு வார்த்தை விட்டிருப்பேன்.

கடைசியில் நானே அந்தப் பத்தியைத் தமிழில் எழுத உட்கார்ந்தேன். அங்கேயும் முட்டுச்சந்து. நோயின் பேருக்கு என்னிடம் தமிழில் வார்த்தை இல்லை. பைத்தியம் என்று எழுத மனம் வரவில்லை. வயசானால் அப்படித்தான் என்று எழுதினால் இத்தனையும் எதற்கு? பல காகிதம் கிழித்த பிறகு, மூளை தேய்கிற வியாதி, ஞாபகம் பின்பக்கமாகப் போய்விடும் என்று எழுதினேன். வனிதா பக்கத்தில் வந்து நின்றாள். அவளுக்குத் தமிழ் புரியும், பேச வராது. யாரைப் பற்றி எழுதுகிறாய் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். உன் தாத்தாவைப் பற்றி என்றேன். "எனக்குத் தாத்தா இருக்கிறாரா?" என்றாள். பள்ளிக்கூடத்தில் குடும்பப் படம் வரையச் சொன்னபோது அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டிருந்தாளாம். ஐந்து வருஷமாக நான் இந்த வீட்டில் அவர் பேரைச் சொல்லவில்லை, குழந்தை என்ன செய்வாள்?

மறுநாளே லீவு கேட்டேன். தையில் ஊருக்குப் போனேன், தனியாக.

5

வீட்டுக்குள் நுழைந்ததும் கண்ணில் பட்டது கட்டுத்தான். அம்மாவின் பழைய புடவையைக் கிழித்து, மெத்தென்று திரித்து, ஒரு முனையை நைனாவின் கணுக்காலிலும் மறுமுனையை நடுக்கம்பத்திலும் கட்டியிருந்தார்கள். கால் புண்ணாகாமல் இருக்க அடியில் பஞ்சு வைத்திருந்தாள் அம்மா. அவர் பாதியாக இளைத்திருந்தார். என்னைப் பார்த்து, பழைய பழக்கத்தில், "வாங்க, தண்ணி வந்திச்சா?" என்றார். நான் யாரென்று தெரியவில்லை. பெட்டியைப் போட்டுவிட்டு அவர் காலடியில் விழுந்து அழுதேன். அவர் என் தலையைத் தட்டிக் கொடுத்து, "அழுவாதீங்கம்மா, நாளைக்கு வுடறேன்" என்றார்.

அண்ணன் ஆலையிலிருந்து வந்ததும் காகிதத்தைப் படித்துக் காட்டினேன். அவன் முதலில் நம்பவில்லை. மூன்று தடவை படிக்கச் சொன்னான். பிறகு கேட்டான்.

"அப்ப கரையில நிக்க வெச்சதுக்கு மின்னாடியே இவங்களுக்குத் தெரியுமா?"

"அதுக்கு மின்ன வருசமே தெரியும்."

"அடப்பாவிங்களா!" என்று தலையில் அடித்துக்கொண்டான். "உன் லெட்டர நான்தாண்டி படிச்சி காட்டினேன். அல்லாத்தையும் கேட்டுட்டு, நல்லா எழுதிகீது, யாரு வூட்டுப் பொண்ணுன்னு கேட்டாரு. எனக்கு வந்துச்சே கோவம். திமிரப் பாருடா கெயவனுக்குன்னு அன்னிக்கு சோறு போடல நான். மரகதம், சோறு போடலடி."

அந்த லெட்டரை எழுதியவளே நான். நான் என்ன சொல்லித் தேற்றுவது?

அம்மா அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பழைய வரிசை என்று மனைவி தெரிவிக்கிறார் என்று போட்டிருக்கிறதே. அப்படியானால் இவளுக்குத் தெரியும். ஜீப்புக்காரர்களிடம் சொன்னவளே இவள்தான். கரையில் ஊர் கூடி அவரைத் திருடன் என்றபோது, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு இவளும் அங்கே நின்றிருக்கிறாள்.

"இன்னாம்மா, உனக்கு மின்னாடியே தெரியுமில்ல? அவருக்கு வருசம் மாறிப்போச்சுன்னு அந்த டாக்டருங்க கிட்ட சொல்லிகீற. ஊரு கிட்ட ஏன் சொல்லல? அன்னிக்கு ஒரு வார்த்த சொல்லி இருந்தா வுட்டு இருப்பாங்களே!"

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாள். இதுகூடவா உனக்குத் தெரியாது என்பது மாதிரி இருந்தது அந்தப் பார்வை.

"கைநாட்டு வெச்சிகீறேனே மரகதம்."

"இன்னா கைநாட்டு?"

"அந்தக் கண்ணாடி போட்ட டாக்டரம்மா ஒரு கடுதாசி நீட்டினாங்க. இங்க பேசறது எதுவும் வெளிய போவாது, நம்பி கைநாட்டு வைங்கன்னாங்க. ரெண்டு எடத்துல வெச்சேன். வெளிய போவாதுன்னு கை வெச்சிட்டு நானே போய் சொன்னா அது இன்னா நாயம்? கவர்மெண்டு கடுதாசி. போலீசு வராதா? வந்து என்ன இட்டுக்கினு போனாக்கூட பரவால்ல. மறுபடி வரோம்னாங்க. மருந்து கொணாருவாங்கன்னு நெனச்சேன். நான் வாய தொறந்துட்டா, பேச்சு மீறிட்டான்னு மருந்து தராம பூடுவாங்களேன்னு பயந்துக்கினு இருந்தேன். ரோட்டுல ஜீப்பு சத்தம் கேட்டா ஓடுவேன். அஞ்சு வருசமா ஓடறேன்."

அந்தத் தடித்த காகிதம் என் பையில் இருந்தது. நம்பிச் சொன்னதைக் காப்பாற்றுவது எங்கள் கடமை என்று எழுதியவர்கள் அங்கே சௌக்கியமாகக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார்கள். அது உன் வாயைக் கட்டுகிற காகிதம் இல்லை தாயே, அவர்கள் வாயைக் கட்டுகிற காகிதம் என்று அன்று அவளுக்கு ஒருவரும் சொல்லவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத எங்கள் ஜனத்துக்குக் கைநாட்டு வைப்பது என்றால் கட்டுப்படுவது. நிலத்துக்கு வைத்தாலும், வேலைக்கு வைத்தாலும், வைத்தவர்தான் கட்டுப்பட வேண்டும். எதிரில் இருக்கிறவரைக் கட்டுகிற கைநாட்டை அவள் எங்கே பார்த்தாள்? தன் புருஷனைத் திருடன் என்று ஊர் சொன்னபோதும் அவள் சொல் மாறவில்லை.

புரியும்படி எடுத்துச் சொன்னேன். நீ யாரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம், அன்றைக்கே சொல்லியிருக்கலாம், போலீஸ் வராது என்றேன். மருந்து என்று ஒன்று இல்லவே இல்லை என்பதையும் சொன்னேன். அதைச் சொல்லும்போதுதான் அவள் அழுதாள். கொஞ்ச நேரம் அழுதுவிட்டு மூக்கைச் சிந்தினாள்.

"அப்ப இப்ப சொல்லலாமாடி?"

"சொல்லும்மா."

எழுந்தாள். முகம் கழுவினாள். நைனாவின் கால் கட்டை அவிழ்த்து, அண்ணனிடம், "கைய புடிச்சிக்கினு உக்காரு" என்றாள். பிறகு வெயிலில் இறங்கி ஊர்த்தெருவைப் பார்க்க நடந்தாள். நான் ஜெராக்ஸ் கட்டையும் தமிழில் எழுதியதையும் எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன்.

6

கன்னியப்பர் வாசலில் நெல் காயப் போட்டு, நாற்காலியில் உட்கார்ந்து காக்கை ஓட்டிக்கொண்டிருந்தார். காலனிக்காரர்கள் நிற்கிற இடம் வேலிப் படல். அம்மா படலைத் திறந்துகொண்டு உள்ளே போய் நெல் ஓரமாக நின்றாள். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னா குப்பம்மா?"

"ஐயா, அவரு திருடல. தலைல வியாதி அவருக்கு. பழைய முறையிலயே நின்னுட்டாரு. எனக்கு அப்பவே தெரியும். ஜீப்புல வந்த டாக்டருங்களுக்கும் தெரியும். கைநாட்டு வெச்சதால நான் வாய தொறக்கல."

அவருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. நான் காகிதங்களை எடுத்து, ஆங்கிலத்தில் ஒரு வரி, தமிழில் ஒரு வரி என்று படித்தேன். மதகு இன்னமும் அவர் பொறுப்பில்தான் இருக்கிறது என்ற வரியில் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இது எந்த வருசம் பாத்தது?"

"எழுபத்தெட்டு ஐயா. ஆடி மாசம்னு அம்மா சொல்றாங்க."

அவர் எதையோ கணக்குப் போடுகிற மாதிரி விரலை மடக்கினார். மடக்கிய விரலை அப்படியே வைத்துக்கொண்டிருந்தார். காக்கைகள் நெல்லில் இறங்கின, ஓட்டவில்லை.

"நான்தானே அவன் கையில இருந்து மம்முட்டிய புடுங்கினேன்" என்றார். "சிரிச்சிக்கினே குடுத்தான். அந்த சிரிப்புக்குத்தான் எனக்குக் கோவமே."

அப்போது அவர் மனைவி நிலைப்படியில் வந்து நின்றாள். எவ்வளவு நேரமாகக் கேட்டுக்கொண்டிருந்தாளோ தெரியாது.

"அந்த ஜீப்பு இங்கயும் வந்திச்சி" என்றாள்.

கன்னியப்பர் திரும்பினார். "எப்ப?"

"நீங்க காஞ்சிபுரம் போயிருந்தீங்க. அத்தைய உக்கார வெச்சி கேள்வி கேட்டாங்க. நானும்தான் கையெழுத்துப் போட்டேன். வெளிய சொல்லக் கூடாதாக்கும்னு உங்க கிட்ட கூட சொல்லல. அப்பறம் அத்தை நடுவூட்டுல நெருப்பு வெச்சாங்களே, நீங்க காத்து சேட்டை, பேய் புடிச்சிக்கிச்சின்னு அந்த ரூம்ல போட்டு..." பின்கட்டுப் பக்கம் கையைக் காட்டினாள்.

பின்கட்டிலிருந்து ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. நாங்கள் வந்ததிலிருந்தே கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். மாடு தொட்டியை முட்டுகிறது என்று நினைத்திருந்தேன். கையால் கதவைத் தட்டுகிற சத்தம் அது.

அவள் படி இறங்கி வந்தாள். என் கையில் இருந்த காகிதத்தைத் தொடாமல் குனிந்து பார்த்தாள்.

"மரகதம், இதுல எங்க அத்தை எத்தனாவது?"

பதினொரு பத்தியையும் நான் அதுவரை முழுதாகப் படித்திருக்கவில்லை. நான்காவதைத் தாண்டி என் கண் போகவே இல்லை. மற்ற பத்துப் பேரும் இந்தப் பக்கத்திலேயே ஏதோ ஒரு வீட்டில் இருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. விரலை வைத்து ஒவ்வொன்றாகத் தேடினேன். பெண், எழுபதுக்கு மேல், நிலமுள்ள குடும்பத்து விதவை. இருட்டிய அறையில் தனியாக விட்டால் பயப்படுகிறார், யாராவது பேசிக்கொண்டிருந்தால் அமைதியாகிறார். மருமகளைத் தவிர வீட்டில் யாருக்கும் நிலைமை தெரியாது.

"ஏழாவதுங்க" என்றேன்.

இருட்டிய அறை என்ற வரியை அவர்களுக்குத் தமிழில் சொன்னேன். கன்னியப்பர் நாற்காலியை விட்டு எழுந்து, காய்கிற நெல்லின் மேலேயே நடந்து வீட்டுக்குள் போனார். பின்கட்டில் தாழ்ப்பாள் விலகுகிற சத்தம் கேட்டது.